போர்க்காலக் கைத்துப்பாக்கியும் அதன் தோல் உறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு உலகப் போர்களிலும் ராணுவங்கள் தங்கள் ஆட்களுக்குக் கொடுத்த கைத்துப்பாக்கிகளையும் தோல் உறைகளையும் சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. துப்பாக்கியைப் பற்றிப் படிக்க நிறையக் கிடைக்கிறது. உறையைப் பற்றிச் சொல்ல ஆள் குறைவு, அதனால்தான் நல்ல நல்ல உறைகள் தினமும் பாழாகின்றன. இங்கே உறைக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எண்பது வருஷப் பழசுதானே, இதற்கெல்லாம் உரிமம் வேண்டுமா?

பழசு என்பதால் அது சுடாமல் போய்விடாது. 1917-ல் செய்த ஜெர்மன் லூகர் கைத்துப்பாக்கி இன்றும் சுடும், அதற்கான 9 மி.மீ. தோட்டாவும் இன்றுவரை தயாராகிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே உங்கள் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பணத்தைக் கையில் எடுக்க வேண்டும். சட்டம் நாட்டுக்கு நாடு ரொம்பவே மாறும். அமெரிக்காவில் 50 வருஷத்துக்கு மேல் பழையவற்றை அரும்பொருள் வகையில் சேர்த்து, சேகரிப்பாளர்களுக்கென்றே மூன்று வருஷம் செல்லும் தனி உரிமம் தருகிறார்கள். பிரிட்டனில் 1997 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கைத்துப்பாக்கி வைத்திருப்பது பெரும்பாலும் முடியாத காரியம், வரலாற்று மதிப்புள்ளவற்றுக்கு மட்டும் ஒரு குறுகலான வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், சுட முடியாதபடி செயலிழக்கச் செய்த துப்பாக்கிகளுக்கு 2016 முதல் ஒரே மாதிரியான விதி. அதற்கு முன் பழைய முறையில் செயலிழக்கச் செய்ததை விற்கவோ எல்லை தாண்டிக் கொண்டுபோகவோ பார்த்தால் சிக்கல் வரும்.

உரிமமே கிடைக்காத இடத்தில் இருக்கிறீர்களா? உறைகளை மட்டும் சேகரியுங்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உறை வெறும் தோல் பொருள்தான், பெரும்பாலான இடங்களில் அதற்கு உரிமம் தேவையில்லை. செய்தவர் பெயர், ஊர், வருஷம் எல்லாம் அதில் இருக்கும், துப்பாக்கியில் இல்லாத தகவல்கூடச் சில நேரம் உறையில் கிடைக்கும். உறை மட்டுமே சேகரிக்கிறவர்கள் உண்டு, அவர்கள் கண்ணுக்கு இருக்கிற கூர்மை துப்பாக்கிக்காரர்களுக்குக் கிடையாது.

எதிலிருந்து தொடங்குவது?

ஒரு நாடு, ஒரு மாடல், முடிந்தால் ஒரே ஒரு தயாரிப்பாளர். லூகர் ஒன்று, ரஷ்ய நாகன்ட் ஒன்று, ஜப்பானிய நம்பு ஒன்று என்று பரவலாக வாங்கினால் பத்து பொருள் சேர்ந்த பிறகும் எதைப் பற்றியும் உருப்படியாகத் தெரிந்திருக்காது, ஏமாற்றுகிறவர்களுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். ஒரே மாடலில் முப்பது நாற்பது துப்பாக்கிகளைக் கண்காட்சியிலும் ஏலத்திலும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு முதல் துப்பாக்கியை வாங்குங்கள்.

கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், தோட்டா இருக்கிறதா என்று. தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றிவிட்டால் காலி என்று நினைக்கக் கூடாது. உள்ளே ஒன்று தங்கியிருக்கலாம். தாத்தா அலமாரியிலிருந்து வந்த துப்பாக்கியில் 1945-ல் ஏற்றிய தோட்டா அப்படியே இருந்தது என்பது நடக்கிற விஷயம்தான். லூகரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விசையை இழுத்ததும் ஊசியை விடுவிக்கும் பட்டை அதன் இடது பக்கத்தில் வெளியே தெரியும்படி இருப்பதால், மேல் பாகத்தைக் கீழ்ச்சட்டத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்திருக்கும்போதும், உள்ளே தோட்டா இருந்தால், அந்தப் பட்டை அழுந்தினாலே வெடித்துவிடும். ஜப்பானின் டைப் 94 கைத்துப்பாக்கியிலும் இதே குறை, முழுதாகப் பூட்டியிருக்கும்போதே பக்கவாட்டில் அழுத்தினால் வெடிக்கும்.

லூகரின் மேல் இருக்கும் எண்களையும் எழுத்துகளையும் எப்படிப் படிப்பது?

லூகரை ஜெர்மன் கடற்படை 1904-லும் தரைப்படை 1908-லும் ஏற்றுக்கொண்டன, பி08 என்ற பெயர் அதிலிருந்து வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தவை பெரும்பாலும் டிடபிள்யூஎம் நிறுவனமும் எர்ஃபர்ட் அரசு ஆலையும் செய்தவை, சேம்பரின் மேல் வருஷம் முழுதாக இருக்கும். 1930-ல் தயாரிப்பு மவுசர் நிறுவனத்துக்குப் போனது. ஜெர்மனி ரகசியமாக ஆயுதம் சேர்த்த காலம் அது, அதனால் செய்தவர் பெயரை மறைத்து "எஸ்/42" என்று குறியீடு போட்டார்கள். வருஷத்தையும் மறைத்தார்கள்: சேம்பரின் மேல் "கே" இருந்தால் 1934, "ஜி" இருந்தால் 1935. 1936-லிருந்து மறுபடியும் நான்கு இலக்க வருஷம். பிறகு குறியீடு வெறும் "42" ஆகி, கடைசியில் "பிஒய்எஃப்" ஆனது, வருஷமும் 41, 42 என்று இரண்டு இலக்கமாகச் சுருங்கியது. 1942-ல் ராணுவத்துக்கான லூகர் தயாரிப்பு நின்றது.

கருப்பு பேக்லைட் பிடி போட்ட பிஒய்எஃப் துப்பாக்கியை "பிளாக் விடோ" என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். அந்தப் பெயர் பின்னாளில் விற்பனையாளர்கள் வைத்தது, போர்க்காலத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. பெயருக்காக ஒரு காசு கூடக் கொடுக்காதீர்கள்.

"நம்பர் எல்லாம் பொருந்துகிறது" என்கிறார்களே, அது என்ன?

லூகரைப் பொருத்தும்போது ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் தேய்த்துச் சரிசெய்வார். அந்தப் பாகம் வேறு துப்பாக்கிக்குப் போகக் கூடாது என்பதால் முழு எண்ணைத் துப்பாக்கியின் சட்டத்திலும் (ஃபிரேம்) குழலிலும் போட்டு, சிறிய பாகங்களில் கடைசி இரண்டு இலக்கங்களைப் போட்டார்கள். எண்கள் பத்தாயிரத்தை எட்டியதும் ஓர் எழுத்தைச் சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள், ஒவ்வொரு வருஷமும் புதுக் கணக்கு. அதனால் எண் மட்டும் சரியாக இருந்தால் போதாது, எழுத்தும் பொருந்த வேண்டும். மேகசினிலும் எண் உண்டு. கூடவே கொடுத்த இரண்டாவது மேகசினில் அதே எண்ணுக்குக் கீழே ஒரு கூட்டல் குறி இருக்கும். துப்பாக்கி, இரண்டு மேகசின், உறை, உறை மூடிக்குள் இருக்கும் சின்ன ஸ்குரூடிரைவர் என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் இந்த விதியை எல்லாத் துப்பாக்கிக்கும் நீட்டக் கூடாது. அமெரிக்க ராணுவத்தின் எம்1911ஏ1 கைத்துப்பாக்கியின் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தும்படியே செய்யப்பட்டவை, ஸ்லைடில் (மேலே முன்பின் நகரும் பாகம்) பெரும்பாலும் சீரியல் நம்பர் கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது, சட்டத்தின் எண் யாருடையது, ஸ்லைடில் எழுதியிருக்கும் பெயர் அதே தயாரிப்பாளருடையதா, குழலும் ஹேமரும் அந்தக் காலகட்டத்து வகைதானா என்பதெல்லாம். ரெமிங்டன் ராண்ட் எட்டரை லட்சத்துக்கும் மேல் செய்தது, அது டைப்ரைட்டர் கம்பெனி. தையல் இயந்திரம் செய்யும் சிங்கர் 1941-ல் வெறும் 500 செய்தது, அதனாலேயே சிங்கர் பெயரில் போலிகள் அதிகம். சட்டத்தில் ஆய்வாளர் எழுத்துகளையும் பாருங்கள்: ரெமிங்டன் ராண்டிலும் இத்தாக்காவிலும் "எஃப்ஜேஏ", கோல்ட்டில் "ஜிஎச்டி", யூனியன் ஸ்விட்சில் "ஆர்சிடி". "ஏஏ", "ஆர்ஐஏ" என்று தொடங்கும் சிறு முத்திரை இருந்தால் அகஸ்டா அல்லது ராக் ஐலண்ட் ஆலையில் பிரித்துப் புதுப்பித்தது என்று அர்த்தம். அதுவும் உண்மையான ராணுவ வரலாறுதான். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்கிறது என்று சொல்லி விற்றால்தான் பொய்.

வால்தர் பி38-ல் என்ன கவனிக்க வேண்டும்?

லூகருக்குப் பிறகு ஜெர்மன் ராணுவம் எடுத்துக்கொண்ட கைத்துப்பாக்கி இது. முதலில் குறியீடு. "ஏசி" வால்தர், "பிஒய்எஃப்" மவுசர், 1945-ல் மட்டும் மவுசருக்கு "எஸ்விடபிள்யூ", "சிஒய்கியூ" ஸ்ப்ரீவெர்க். போர் முற்ற முற்ற மெருகு குறைந்துகொண்டே போகும், 1944-ன் கடைசியில் வந்தவற்றில் அரத்தின் தடம் அப்படியே தெரியும். அதைக் குறை என்று நினைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினவர்கள் இருக்கிறார்கள், எனக்கு வயிறு எரியும்.

அப்புறம், சோவியத் படைகள் கைப்பற்றியவை. போருக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் பிரித்து, கருப்பு ரசாயனக் குளியலில் முக்கி, கைக்குக் கிடைத்த பாகங்களைப் போட்டுப் பூட்டி, எண்களை மின் பேனாவால் எழுதிக் கிடங்கில் வைத்தார்கள். மினுமினுக்கும் தடித்த கருப்பு நிறமும், சட்டத்தில் ஒரு எண், ஸ்லைடில் கீறல் எழுத்தில் இன்னொரு எண்ணும் இருந்தால் அதுதான். சுட்டுப் பழக நல்ல துப்பாக்கி. அசல் நிலையில் இருப்பதன் விலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

நம்பு டைப் 14-ல் வருஷம் எங்கே? "17.5" என்று மட்டும் இருக்கிறதே.

ஷோவா பேரரசரின் ஆட்சி ஆண்டு அது. 1925-ஐக் கூட்டினால் வருஷம் கிடைக்கும்: 17 என்றால் 1942, புள்ளிக்குப் பின்னால் உள்ள 5 மே மாதம். மாதம் வரை தெரிகிற வசதி மற்ற நாட்டுத் துப்பாக்கிகளில் இவ்வளவு சுலபமாகக் கிடைப்பது அபூர்வம். விசைக்காப்பு வளையம் சிலவற்றில் பெரிதாக இருக்கும். மஞ்சூரியக் குளிரில் கையுறையோடு விசைக்குள் விரல் நுழையவில்லை என்பதால் 1939 வாக்கில் பெரிதாக்கினார்கள். இதன் உறை ஓடு மாதிரி வளைந்த பெரிய மூடி உள்ளது, தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியின் உதிரிக்கும் தோட்டாவுக்கும் இடம் இருக்கும். போரின் பிற்பகுதியில் தோல் தட்டுப்பாடு வந்ததும் ரப்பர் பூசிய துணியில் செய்தார்கள், அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

உறை அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் துப்பாக்கியைப் போலி செய்ய இயந்திரம் வேண்டும், உறையைப் போலி செய்ய ஓர் ஊசியும் ஒரு முத்திரையும் போதும்.

முத்திரையில் தொடங்குங்கள். ஜெர்மன் உறையின் பின்பக்கத்தில் செய்தவர் பெயரும் ஊரும் வருஷமும், கழுகோடு கூடிய ஆய்வு முத்திரையும், "பி.08" அல்லது "பி.38" என்ற எழுத்தும் இருக்கும். 1940, 41-க்குப் பிறகு பெயருக்குப் பதில் மூன்றெழுத்துக் குறியீடு. இது எல்லாம் போலி செய்கிறவனுக்கும் தெரியும். அதனால் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட எப்படிப் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். புதிய ஈரத் தோலில் குத்திய முத்திரையின் அடி வழவழப்பாக, சுற்றியுள்ள தோலோடு சேர்ந்தே முதிர்ந்திருக்கும். எண்பது வருஷம் காய்ந்த தோலில் நேற்றுக் குத்திய முத்திரையின் ஓரத்தில் மேல்தோல் உடைந்து மயிரிழை போல வெடிப்பு தெரியும். பூதக்கண்ணாடி வைத்தால் தப்பாது.

அடுத்து வெட்டு ஓரம். அந்தக் காலத்து உறைகள் பெரும்பாலும் மரப்பட்டையால் பதனிட்ட தோலில் செய்தவை, வெட்டிய இடத்தில் உள்ளே வரை பழுப்பாக இருக்கும். குரோம் உப்பில் பதனிட்ட இன்றைய மலிவுத் தோலின் நடுவில் சாம்பல் நீலம் தெரியும். தையல் நூலுக்குப் புற ஊதா விளக்கைக் காட்டிப் பாருங்கள். இன்றைய நூல் பெரும்பாலும் பளீரென்று நீலமாக ஒளிரும், பழைய பருத்தி நூல் மங்கலாகவே இருக்கும். இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். யாராவது சோப்பால் கழுவியிருந்தால் அசல் நூலும் ஒளிரும், கிழிந்து போய் இடையில் தைத்ததாகவும் இருக்கலாம்.

பிறகு தேய்மானம். உண்மையில் இடுப்பில் தொங்கிய உறை எங்கே தேயும் என்று யோசியுங்கள்: பெல்ட் வளையத்தின் உள்பக்கம், மூடி மடங்கும் கோடு, அடி நுனி, மூடியை இழுக்கும் வாரின் துளை. போலிக்காரர் உப்புத்தாள் போட்டு எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்த்திருப்பார், பெல்ட் வளையத்தின் உள்பக்கம் மட்டும் புத்தம் புதிதாக இருக்கும். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பாருங்கள், ஷூ பாலிஷ் வாடை தூக்கலாக அடித்தால் எதையோ மறைத்திருக்கிறார்கள்.

இதில் பெரிய குழப்பம் போலி அல்ல, போருக்குப் பின் வந்த அசல். 1957-க்குப் பிறகு மேற்கு ஜெர்மனி ராணுவம் பி38 வகையையே மறுபடி எடுத்துக்கொண்டது, கிழக்கு ஜெர்மன் போலீஸும் லூகரை வைத்திருந்தது. அவர்களுக்கென்று செய்த உறைகள் உண்மையான உறைகள்தான், போர்க்கால உறைகள் மட்டும் அல்ல.

அமெரிக்க, பிரிட்டிஷ் உறைகளும் இதே மாதிரிதானா?

அமெரிக்க எம்1916 உறையின் மூடியில் நீள்வட்டத்துக்குள் "யுஎஸ்" என்று அழுத்தியிருக்கும், பின்னால் பாய்ட், சியர்ஸ், எங்கர் கிரெஸ், கிராட்டன் அண்ட் நைட் என்று ஏதாவது ஒரு பெயரும் வருஷமும் இருக்கும். போர்க்காலத்தில் இதன் நிறம் செம்பழுப்பு. 1950-களின் பிற்பகுதியில் ராணுவம் கருப்புக்கு மாறியபோது கையிருப்பில் இருந்த பழையவற்றுக்கும் கருப்புச் சாயம் ஏற்றினார்கள். அதனால் 1942 என்று போட்ட உறை கருப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், உள்பக்கம் பழுப்புத் தெரிகிறதா என்று பாருங்கள். அந்தக் கருப்பை நீக்கி "அசல் நிறத்துக்கு" கொண்டுவர முயற்சி செய்யாதீர்கள், தோல் பிய்ந்து வரும்.

பிரிட்டன் விஷயம் வேறு. இரண்டாம் போரில் என்ஃபீல்டு நம்பர் 2 ரிவால்வரோடு பொதுவாகக் கொடுத்தது 1937 மாடல் கேன்வாஸ் உறைதான், தோல் அல்ல. தோல் உறை பெரும்பாலும் அதிகாரிகள், தோளில் குறுக்கு வார் போகும் சாம் பிரவுன் பெல்ட்டோடு சொந்தக் காசில் வாங்கியது. ஆக, என்ஃபீல்டுக்கு "ராணுவம் கொடுத்த அசல் தோல் உறை" என்று யாராவது சொன்னால் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள்.

வெப்லி மார்க் 6 என்ற பிரிட்டிஷ் ரிவால்வரை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது .455 தோட்டாவுக்குச் செய்தது. போருக்குப் பின் பலவற்றின் சிலிண்டர் பின்பக்கத்தைச் சீவி .45 ஏசிபி தோட்டா போகும்படி செய்துவிட்டார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் வெப்லிக்கு அதிகம். சீவியது மதிப்பும் குறைவு, சுடுவதும் ஆபத்து.

இந்த உறையும் இந்தத் துப்பாக்கியும் உண்மையிலேயே ஒன்றாக வந்தவையா?

நிரூபிப்பது கஷ்டம், ஆனால் தடயம் இருக்கும். பல வருஷம் ஒரே துப்பாக்கி உள்ளே கிடந்த உறையின் உட்புறத்தில் அதன் உருவம் பதிந்திருக்கும், லூகர் என்றால் மேலே உள்ள இரண்டு குமிழ்களின் அச்சும் பக்கத் தகட்டின் ஓரமும்கூடத் தெரியும். துப்பாக்கியின் வலப்பக்கம் துருக்குழி இருக்கும் அதே இடத்தில் உறைக்குள்ளும் துருக்கறை இருந்தால் அந்த இரண்டும் ஒன்றாக வாழ்ந்தவை. வருஷம் அருகருகே இருக்க வேண்டும் என்பதில்லை: 1916 லூகர் 1938 உறையில் இருப்பது சாதாரணம், பழைய துப்பாக்கிக்குப் புது உறை கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். 1938 உறைக்குள் ஒரே ஒரு நாள்கூடத் தங்கியதற்கான அடையாளம் இல்லாத துப்பாக்கியைச் செருகி "ஜோடி" என்று விற்பதும் சாதாரணம்.

அமெரிக்க வீரர்கள் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த துப்பாக்கிகளுக்கு மேலதிகாரி கையெழுத்திட்ட சான்றுத்தாள் கொடுத்தார்கள். அதில் சீரியல் நம்பர் எழுதியிருந்து, அது துப்பாக்கியோடு பொருந்தினால் பெரிய விஷயம். "ஜெர்மன் பிஸ்டல் ஒன்று" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தாள் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும்.

துப்பாக்கியை உறைக்குள்ளேயே வைத்துவிடலாமா? அதற்குத்தானே உறை?

வேண்டாம், வேண்டவே வேண்டாம். உறை, தூக்கிக்கொண்டு நடக்கச் செய்தது, பத்து வருஷம் வைத்திருக்க அல்ல. தோல் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் இருக்கும், இரண்டும் சேர்ந்து இரும்பைத் தின்னும். நல்ல ப்ளூயிங் (துருப்பிடிக்காமல் இரும்புக்கு ஏற்றும் நீலக்கருப்பு நிறம்) உள்ள ஒரு பக்கம் ஒரே மழைக்காலத்தில் போய்விடும். பதிலுக்குத் துப்பாக்கியில் தடவிய எண்ணெய் தோலுக்குள் இறங்கி அதைக் கருக்கவும் இளக்கவும் செய்யும். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள், ஒரே அலமாரியில், ஒரே பதிவு எண்ணோடு.

உறைக்குள் அமிலமில்லாத மெல்லிய தாளைக் கசக்கி, அதன் உருவம் நிற்கும் அளவுக்கு மட்டும் நிரப்பி, மூடியை இயல்பான வளைவில் விட்டுப் படுக்கவையுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் தோலுக்கு நல்லது. இரும்புக்கு இன்னும் குறைவு நல்லது என்றாலும், ஒரே அறையில் என்றால் 45-ஐ ஒட்டி நிறுத்துங்கள். கூடிக்கூடிக் குறைவதுதான் கெடுதல். பிவிசி பையில் போடாதீர்கள்.

தோல் காய்ந்திருக்கிறது. எண்ணெய் போடலாமா?

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதுதான், பலரும் போட்டுவிட்டு வந்துதான் கேட்கிறார்கள்.

நான் வாங்கிய முதல் லூகர் உறைக்கு, கடைக்காரர் சொன்னபடி மாட்டுக் குளம்பு எண்ணெய் மூன்று தடவை போட்டேன். முதல் வாரம் அழகாக இருந்தது. ஆறு மாதத்தில் பழுப்பு நிறம் கருப்பாகிவிட்டது, பலகை போல நின்ற மூடி துணி போலத் தொங்கியது, பின்னால் இருந்த ஆய்வு முத்திரை வீங்கி மங்கிப் படிக்க முடியாமல் போனது. தையல் நூலும் எண்ணெயில் ஊறி அடியில் இரண்டு இடத்தில் விட்டது. எண்பது வருஷம் தாங்கிய பொருள். அந்த எண்ணெயை வெளியே எடுக்க இன்றுவரை வழி இல்லை.

காய்ந்த பழைய தோலுக்கு எண்ணெய் உயிர் கொடுக்காது. நீங்கள் அதைப் பெல்ட்டில் மாட்டி ஓடப்போவதில்லை, அது வளைய வேண்டிய அவசியமும் இல்லை. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், அவ்வளவுதான். குதிரைச் சேணத்துக்குப் போடும் சோப்பும் வேண்டாம், அது காரத்தன்மை உள்ளது.

பித்தளை ரிவிட்டைச் சுற்றிப் பச்சையாக மெழுகு மாதிரி இருக்கிறது. மேலே வெள்ளைப் பூச்சு வேறு. சில இடத்தில் சிவப்புப் பொடி கொட்டுகிறது.

மூன்றும் மூன்று விஷயம். பச்சை மெழுகு, பித்தளையில் உள்ள செம்பு தோலின் கொழுப்போடு சேர்ந்து உண்டாவது. மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டித் துணியால் எடுங்கள், உலோகப் பாலிஷ் கூடாது, திரும்ப வரும், திரும்ப எடுங்கள்.

வெள்ளைப் பூச்சு பூஞ்சையாகவோ கொழுப்பாகவோ இருக்கலாம். முடி உலர்த்தும் கருவியை மிதமான சூட்டில் தூரத்திலிருந்து ஒரு நொடி காட்டினால் கொழுப்பு உருகி மறையும். பூஞ்சை அப்படியே இருக்கும், மக்கிய வாடையும் அடிக்கும். பூஞ்சை என்றால் உடனே மற்ற பொருள்களிலிருந்து பிரித்து, காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே வைத்துத் தூரிகையால் தட்டுங்கள்.

சிவப்புப் பொடிதான் கவலைக்குரியது. மரப்பட்டைப் பதனீட்டுத் தோல், காற்றில் உள்ள கந்தக மாசை இழுத்து அமிலமாகி, நாராக உதிர்கிற நோய் அது. போன உயிரைத் திருப்ப முடியாது. உதிர்வதை நிறுத்த, அருங்காட்சியகங்களில் க்ளூசெல் ஜி என்ற பொருளை ஆல்கஹாலில் கரைத்து லேசாகப் பூசுகிறார்கள். நிறம் சற்றுக் கருக்கலாம், ஆகவே மூடிக்கு அடியில் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகு செய்யுங்கள். விலை உயர்ந்த உறை என்றால் தோல் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

விட்டுப்போன தையலைத் தைக்கலாமா?

பொருள் பிரிந்து தொலைந்துவிடும் என்ற நிலை வந்தால் மட்டும், பழைய துளைகளிலேயே, அதே தடிமன் பருத்தி அல்லது லினன் நூலால், புதிதாக ஒரு துளைகூடப் போடாமல். தைத்ததை விற்கும்போது சொல்ல வேண்டும்.

ப்ளூயிங் போயிருக்கிறது, மறுபடி ஏற்றிக்கொள்ளலாமா?

கூடாது. தேய்ந்த அசல், பளபளக்கும் புதுசை விட எப்போதும் மேல். ஏற்கெனவே ஏற்றியதைக் கண்டுபிடிக்க: முனைகள் மழுங்கியிருக்கும், எழுத்துகள் ஆழம் குறைந்து கரைந்தது போல இருக்கும், திருகுத் துளையின் வாய் குழிந்திருக்கும், துருக்குழியின் உள்ளேயும் நீலம் இருக்கும். லூகரில் இன்னொரு சோதனை உண்டு. 1937-க்கு முன் செய்தவற்றில் விசை மாதிரிச் சில சிறு பாகங்கள் சூட்டில் வைக்கோல் நிறம் ஏற்றப்பட்டவை, அதன் பிறகு மவுசர் முறையை மாற்றியதால் எல்லாம் நீலம். ஆகவே 1936 துப்பாக்கியில் எல்லாமே நீலமாக இருந்தாலோ, 1940 துப்பாக்கியில் வைக்கோல் நிறம் மின்னினாலோ, யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

பராமரிப்புக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, அல்லது அருங்காட்சியகங்களில் பயன்படும் ரெனைசன்ஸ் வேக்ஸ் என்ற மெழுகு போதும். வெறுங்கையால் தொட்டால் துடைத்துவிட்டு வையுங்கள். பிடிப் பலகைக்கு அடியில் துரு ஒளிந்திருக்கும், திருகுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூடிரைவர் இருந்தால் மட்டும் கழற்றிப் பாருங்கள்.

சுட்டுப் பார்க்கலாமா?

எண்கள் முழுதாகப் பொருந்தும் துப்பாக்கி என்றால் நான் சுட மாட்டேன். எண்பது வருஷத்து ஸ்பிரிங்கும், சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரும் ஒரே ஒரு தோட்டாவில் உடையலாம், அந்த எண் போட்ட பாகம் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. ஆசை தாங்கவில்லை என்றால் எண் பொருந்தாத ஒன்றை வாங்கி, துப்பாக்கித் தொழிலாளி ஒருவரிடம் காட்டி, இன்றைய தோட்டாவில் சுடுங்கள்.

இதையெல்லாம் சேகரிப்பது போரைக் கொண்டாடுவதாகாதா? நாஜி முத்திரை வேறு இருக்கிறதே.

நியாயமான கேள்வி. என்னிடம் உள்ளவற்றில் நான் அதிகம் எடுத்துப் பார்ப்பது போலந்தின் விஸ் 35 கைத்துப்பாக்கி. 1939-ல் ஜெர்மனி ராடோம் ஆலையைப் பிடித்த பிறகும் அதைத் தங்கள் படைக்காகச் செய்யவைத்தார்கள். ஆலைத் தொழிலாளர்கள் பாகங்களைக் கடத்தித் தலைமறைவுப் படைக்குக் கொடுத்தார்கள், பிடிபட்டவர்களை ஜெர்மானியர்கள் தூக்கில் போட்டார்கள். முழுத் துப்பாக்கி வெளியே போகாமல் இருக்க, குழலை மட்டும் ஆஸ்திரியாவில் ஸ்டெயர் ஆலையில் செய்தார்கள். போருக்கு முந்தைய விஸ்ஸில் போலந்துக் கழுகு இருக்கும், இதில் அது இல்லை, அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த வெறும் இடத்தைத் தேய்த்து கழுகு பொறித்து விலையேற்றுகிறவர்களும் உண்டு, அது அந்தத் தொழிலாளர்களுக்குச் செய்யும் அவமரியாதை. முத்திரைகளை அழிக்கவும் கூடாது, புதிதாகப் போடவும் கூடாது. ஜெர்மனி உட்படச் சில நாடுகளில் ஸ்வஸ்திகாவைப் பொது இடத்தில் காட்டுவது குற்றம், படம் போடும்போதும் அதை நினைவில் வையுங்கள்.

எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?

வாங்கிய அன்றே, துடைப்பதற்கு முன், எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், உறையின் உட்புறம், முத்திரை, மேகசினின் அடிப்பாகம் உட்பட. யாரிடமிருந்து வந்தது, அவர் என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், நீங்கள் நம்பாததையும் எழுதுங்கள். உறைக்குள் பழைய காகிதத் துண்டு, நூல், ஒரு டிக்கெட் எது கிடந்தாலும் எறியாமல் தனிக் காகிதக் கவரிலிட்டு அதே எண்ணைப் போடுங்கள். மூடியின் அடியில் பென்சிலால் எழுதிய பெயர் மங்கலாக இருந்தால் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுங்கள், அழுத்தி எழுதிய எழுத்து நிழலில் தெரியும். பிறகு, நீங்கள் இல்லாத நேரத்தில் இந்தப் பெட்டியைத் திறக்கப்போகும் வீட்டு ஆளுக்கு, எது துப்பாக்கி, எதற்கு உரிமம், எந்த உறை எதோடு போக வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பெட்டியின் மேலேயே வையுங்கள். பிரிந்துபோகிற ஜோடிகளில் முக்கால்வாசி அந்த ஒரு பக்கம் இல்லாததால்தான் பிரிகின்றன: துப்பாக்கியைப் போலீஸில் ஒப்படைத்துவிடுகிறார்கள், உறை பழைய பெல்ட்டுகளோடு குப்பைக்குப் போகிறது.